சொன்னவர் பெயர்

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு மாணவி என்னைத் தேடி வந்தாள். தாவரவியலில் முதுகலை முடித்துவிட்டு, டெல்டாவின் பாரம்பரிய நெல் வகைகள் பற்றி முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்திருந்தாள். ஆய்வுப் புலம் பல்லுயிரியம். நான் தமிழ் ஆசிரியை. எனக்கும் அந்த ஆய்வுக்கும் என்ன தொடர்பு என்று யோசிப்பதற்குள் ஓர் அட்டவணையை நீட்டினாள். “நெல் பேரெல்லாம் தப்பில்லாம இருக்கணும் மேம். குழியடிச்சானா, குழிவெடிச்சானா, ஊருக்கு ஊர் மாத்திச் சொல்றாங்க. கொஞ்சம் பாத்துக் குடுங்க.”

அட்டவணையில் 36 வரிசைகள் இருந்தன. காட்டுயானம், பூங்கார், கருங்குறுவை, தூயமல்லி, சிறுமணி, குள்ளக்கார், மாப்பிள்ளைச் சம்பா என்று பெயர்கள் நீண்டன. ஒவ்வொன்றுக்கும் எதிரே பருவம், வயது, அடித்தாளின் நிறம், ஏற்ற மண், விதை கிடைத்த ஊர். கடைசிப் பத்தியின் தலைப்பு ‘விவசாயி பெயர்’. நான் எழுத்துப் பிழைகளைத் திருத்திக்கொண்டே வந்தேன். கடைசிப் பத்தியில் திருத்த ஒன்றுமில்லை. ஆனால் 36 பெயர்களும் ஆண்களின் பெயர்களாக இருந்தன.

“இந்த விவரமெல்லாம் இவங்க சொன்னதா?”

“விதை அவங்க வீட்ல வாங்கினது மேம். விவரம் பாதிக்கு மேல எங்கம்மா சொன்னது. அவங்களோட நடவுக்குப் போற அக்காங்க சொன்னது.”

“அப்ப அவங்க பேரு எங்கே?”

அவள் என்னைக் கொஞ்சம் வியப்போடு பார்த்தாள். “அவங்களுக்கு நிலம் இல்லையே மேம்.”

அன்று அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்ற சந்தேகம்தான் காரணம். அந்தச் சந்தேகம் என்னுடைய முனைவர் பட்டத்திலிருந்து தொடங்குகிறது.

*

நான் சங்க இலக்கியத் தாவரங்களைப் பற்றி ஆய்வு செய்தவள். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை வரிசையாகச் சொல்கிறார் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ‘கபிலர் சொல்கிறார்’ என்றே நானும் என் ஆய்வேடு முழுவதும் எழுதினேன். பாட்டுக்குள் அந்தப் பூக்களைச் சொல்பவள் தோழி. தினைப்புனம் காக்கப் போன இடத்தில், தலைவியும் தானும் என்னென்ன பூக்களைப் பறித்துப் பாறையில் குவித்தோம் என்று செவிலித்தாயிடம் அவள் சொல்கிறாள். பழந்தமிழின் மிக நீண்ட தாவரப் பட்டியல், வேலைக்குப் போன இடத்தில் பூப்பறித்த ஒரு பெண், இன்னொரு பெண்ணிடம் சொன்னதாக அமைந்திருக்கிறது. புலவர் ஆண் என்பதால் பட்டியல் அவர் கணக்கில் சேர்ந்துவிட்டது. என்னைப் போன்றவர்களும் அதை அப்படியே சேர்த்து வைத்தோம்.

அந்தப் பட்டியலில் கருவிளை என்று ஒரு பூ வருகிறது. வேலியோரம் நீலமாகப் பூக்கும் சங்குப்பூதான் அது என்று எனக்கு முதலில் காட்டியது என் அம்மாயி. ஒரத்தநாட்டுப் பக்கத்துக் கொல்லையில், எனக்குப் பத்து வயதிருக்கும்போது. ஆய்வேட்டில் கருவிளைக்கு நான் கொடுத்த அடிக்குறிப்பு ஓர் அகராதி. நன்றியுரையில் நெறியாளர், நூலகங்கள், கணவர், மாமனார், மாமியார் எல்லோரும் இருக்கிறார்கள். அம்மாயி இல்லை. யாரும் அவரை எழுதாதே என்று சொல்லவில்லை. எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அம்மாயி வீட்டில் பத்தாயம் இருந்தது. விதைநெல்லைக் காயவைத்து, வேப்பிலையும் நொச்சியிலையும் போட்டு மூடி, எலி அண்டாமல் காப்பது அம்மாயியின் பொறுப்பு. ஆனால் அறுப்புக்கு முன் வயலுக்குள் இறங்கி, கலப்புக் கதிர்களைக் கிள்ளி எறிந்து, விதைக்கான நல்ல கதிரை அடையாளம் கண்டு அறுத்து வந்தவர்கள் வேறு தெருவின் பெண்கள். அவர்கள் கொல்லைப்புறத்தில் நின்று நெல்லை இறக்கி வைத்துவிட்டுப் போவார்கள். அம்மாயியின் பெயரை நான் மறந்தேன். அவர்களின் பெயர்களை நான் ஒருபோதும் அறிந்திருக்கவில்லை. ‘பெண்களின் அறிவு’ என்று பொதுவாகச் சொல்லும்போது இந்தத் தெருக்களுக்கு இடையிலான தூரத்தை நாம் எளிதாகக் கடந்துவிடுகிறோம். விதை கடந்த அளவுக்குக்கூட நாம் அதைக் கடக்கவில்லை.

*

தாவரங்களைப் படித்து முனைவர் பட்டம் வாங்குவது ஒரு பெண்ணுக்கு என்னவாக இருந்தது என்பதை அறிய, நூறாண்டுகள் பின்னே போக வேண்டும். மாணவி அடுத்த முறை வந்தபோது ஜானகி அம்மாளைப் பற்றிப் பேசினோம்.

ஈ.கே. ஜானகி அம்மாள் 1897இல் தலச்சேரியில் பிறந்தார். அன்று அது சென்னை மாகாணம். தந்தை சப் ஜட்ஜ். தாய்வழித் தாத்தா ஓர் ஆங்கிலேய அதிகாரி. பாட்டி தீயர் சமூகப் பெண். சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து 1921இல் தாவரவியலில் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்தார். அக்காள்களுக்கு ஒவ்வொருவராகத் திருமணம் முடிந்து அவருடைய முறை வந்தபோது, அவர் படிப்பைத் தேர்ந்தெடுத்தார். ஆசிய நாட்டுப் பெண்களுக்கென்றே அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் வழங்கிய பார்பர் உதவித்தொகை அவருக்குக் கிடைத்தது. பெண்கள் மட்டும் தங்கிய மார்த்தா குக் விடுதியில் இருந்து படித்தார். முதுகலை முடித்துச் சென்னைக்குத் திரும்பிப் பாடம் நடத்தினார். மறுபடியும் மிச்சிகன் போனார். 1931இல் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார். கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடியின் குரோமோசோம்கள்தான் ஆய்வுப் பொருள். அமெரிக்காவில் தாவரவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண் என்று அவரைக் கருதுகிறார்கள்.

இதை மாணவியிடம் சொன்னபோது அவள் விரல் விட்டு எண்ணினாள். “பணம் ஒண்ணு. தங்க ஓர் அறை ஒண்ணு. கல்யாணம் வேணாம்னு சொன்னது ஒண்ணு. மூணும் இருந்தாத்தான் முடியும்போல மேம்.” அவளுக்கு உதவித்தொகை கிடைத்திருந்தது. விடுதியில் இடம் கிடைத்திருந்தது. மூன்றாவதை அவள் வீட்டில் மாதத்துக்கு ஒருமுறை சொல்லிக்கொண்டிருந்தாள்.

1934இல் ஜானகி அம்மாள் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சேர்ந்தார். அங்கே ஏற்கெனவே இனிப்புக் கரும்பையும் காட்டுப் புல்லான நாணலையும் இணைத்துப் புதிய கரும்பு வகைகளை உருவாக்கியிருந்தார்கள். நாணல் என்றால் வேறெதுவுமில்லை. கொள்ளிடக் கரையில் வெள்ளைவெளேரென்று பூத்து நிற்கிறதே, அதுதான். இனிப்பில்லாத, யாரும் நடாத, மாடுகூட முற்றினால் தின்னாத அந்தப் புல்தான் கரும்புக்கு நோய் தாங்கும் வலுவைக் கொடுத்தது. அந்த நாணல் எங்கிருந்து வந்தது, அதன் உறவுகள் எவை என்பதை ஜானகி அம்மாள் குரோமோசோம்களை எண்ணி ஆராய்ந்தார். கரும்பை மக்காச்சோளத்தோடும் தர்ப்பை வகைப் புல்லோடும் இணைத்துப் பார்த்தார். வேண்டாத புல் என்று எதுவும் இல்லை, நாளைய பயிருக்கான கையிருப்பு அதில் இருக்கலாம் என்பதை அவருடைய பரிசோதனைகள் காட்டின. பல்லுயிரியம் என்ற படிப்பின் அரிச்சுவடி இதுதான்.

கோயம்புத்தூரில் தனியாக வாழ்ந்த, மணமாகாத, ‘கீழ்ச்சாதி’ என்று பார்க்கப்பட்ட ஒரு பெண் விஞ்ஞானிக்கு அந்த ஆண்டுகள் எளிதாக இருக்கவில்லை என்று அவரைப் பற்றி எழுதிய வரலாற்றாளர்கள் குறிப்பிடுகிறார்கள். 1939இல் எடின்பரோவில் நடந்த உலக மரபியல் மாநாட்டுக்குப் போனவர், போர் மூண்டதால் இங்கிலாந்திலேயே தங்கினார். அங்கே சி.டி. டார்லிங்டனோடு சேர்ந்து அவர் எழுதிய ‘பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸ்’ 1945இல் வெளிவந்தது. அட்டையில் இரண்டு பெயர்களும் இருக்கின்றன. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆய்வகத்தில் கண்ணாடித் தகட்டின் மேல் குனிந்திருந்த எத்தனையோ பெண்களின் பெயர்கள் அட்டைவரை வந்து சேரவில்லை.

நேருவின் அழைப்பை ஏற்று 1951இல் அவர் நாடு திரும்பினார். இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தைச் சீரமைக்கும் பொறுப்பு அவருக்குத் தரப்பட்டது. உணவு உற்பத்தியைப் பெருக்க வேண்டும் என்பதே அன்று அரசின் முழக்கம். காடுகள் வயல்களாகிக்கொண்டிருந்தன. ஷில்லாங்கிலிருந்து வெகுதூரம் பயணம் செய்து, அந்தப் பகுதியில் எஞ்சியிருந்த ஒரே ஒரு மக்னோலியா மரத்தைப் பார்க்கப் போனதையும், அங்கே போனபோது அது எரிக்கப்பட்டிருந்ததையும் டார்லிங்டனுக்கு எழுதிய கடிதத்தில் அவர் சொல்லியிருக்கிறார். 1955இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில், பூமியின் முகத்தை மனிதன் மாற்றிய விதம் பற்றி ஒரு பெரிய கருத்தரங்கு நடந்தது. பின்னாளில் சூழலியல் வரலாற்றின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்றாகக் கருதப்பட்ட கூட்டம் அது. அழைக்கப்பட்டவர்களில் ஒரே பெண் ஜானகி அம்மாள். ‘மனிதன்’ என்று தலைப்பிட்ட அந்த அவையில் அவர் பேசியது, இந்திய மக்கள் தங்கள் வயிற்றுக்காகச் செய்யும் வேளாண்மையைப் பற்றி.

கடைசி ஆண்டுகளில் அவர் சென்னையை அடுத்த மதுரவாயலில், பல்கலைக்கழகத்தின் கள ஆய்வகத்தில் வேலை செய்தார். அமைதிப் பள்ளத்தாக்கைக் காக்கும் இயக்கத்தில் பங்கெடுத்தார். 1984 பிப்ரவரியில் இறந்தார். அந்த ஆண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ‘பல்லுயிரியம்’ என்று நாம் மொழிபெயர்க்கும் ஆங்கிலச் சொல், 1986இல் வாஷிங்டனில் நடந்த ஒரு கூட்டத்தின் வழியாகத்தான் உலகுக்குப் பழக்கமானது. வாழ்நாள் முழுவதும் அவர் செய்த வேலைக்கு, அவர் இறந்த பிறகு பெயர் வந்து சேர்ந்தது.

*

ஜானகி அம்மாள் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்த அதே 1934இல் மேட்டூர் அணை திறக்கப்பட்டது. காவிரி டெல்டாவின் நெல் வரலாற்றை இந்த இரண்டு இடங்களையும் சேர்த்துத்தான் எழுத முடியும். ஆற்றில் எப்போது தண்ணீர் வரும் என்பதை மேட்டூர் முடிவு செய்தது. வயலில் எந்த விதை விழும் என்பதைக் கோயம்புத்தூரும் ஆடுதுறையும் முடிவு செய்யத் தொடங்கின.

கோயம்புத்தூரில் நெல் இனப்பெருக்க நிலையம் 1912இல் தொடங்கியது. ஆடுதுறை நிலையம் 1922இல் வந்தது. ஆடுதுறையின் தொடக்க கால ரகங்கள் பலவும் வெளியிலிருந்து வந்தவை அல்ல. குறுவை, சிறுமணி என்று வட்டாரத்தில் ஏற்கெனவே விளைந்துகொண்டிருந்த நெல்களிலிருந்து தேர்ந்தெடுத்துத் தூய்மைப்படுத்தப்பட்டவை. அந்தத் தேர்வு நல்ல அறிவியல். அதில் எனக்கு ஐயமில்லை. நான் கவனிப்பது பெயரை மட்டும்தான். வயலில் சிறுமணியாக இருந்தது நிலையத்துக்குள் போய் ‘ஏடிடி’ என்ற எழுத்துகளோடும் ஓர் எண்ணோடும் வெளியே வந்தது. கோயம்புத்தூரின் புகழ்பெற்ற நெல்லான ஜி.இ.பி. 24இன் பெயர், ‘அரசுப் பொருளாதாரத் தாவரவியலாளர்’ என்ற ஓர் அதிகாரப் பதவியின் முதலெழுத்துகள். சனங்களுக்கு அது ஒட்டவில்லை. கிச்சிலிச் சம்பா என்று அதைக் கூப்பிட்டார்கள்.

1960இல் இந்தியா முழுவதிலும் முதலில் தேர்ந்தெடுத்த ஏழு மாவட்டங்களில் ஒன்றாகத் தஞ்சாவூரில் தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் தொடங்கியது. விதை, உரம், கடன், பூச்சிமருந்து எல்லாம் ஒரே பொதியாக வந்தன. ஜி.இ.பி. 24ஐ ஜப்பானிய நெல்லோடு இணைத்து உருவாக்கிய ஆடுதுறை 27, அறுபதுகளின் நடுவில் குறுவை வயல்களை வேகமாக நிரப்பியது. அதையடுத்து ஐ.ஆர். 8 வந்தது. விளைச்சல் கூடியது. பஞ்சத்தின் நினைவு மறையாத நாட்டில் அது சிறிய விஷயமல்ல. கூடிய விளைச்சலில் கூலிக்காரர்களின் பங்கு என்ன என்ற கேள்வியும் கூடவே எழுந்தது. 1968 டிசம்பர் 25 இரவு, கூலிக்காகப் போராடிய கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்.

விதை டிப்போவிலிருந்து வரத் தொடங்கியதும் கதிர் பொறுக்கும் வேலை தேவையில்லாமல் போனது. பத்தாயங்கள் விறகாயின, அல்லது நகரத்து ஓட்டல்களுக்கு அலங்காரமாகப் போயின. விதையைப் பற்றி முடிவெடுக்கும் இடம் வீட்டின் பின்கட்டிலிருந்தும் வயல் வரப்பிலிருந்தும் கடைத்தெருவுக்கு நகர்ந்தது. கடைத்தெருவுக்குப் போகிறவர் ஆண். நடவும் களையெடுப்பும் மட்டும் பெண்களிடமே தங்கின. குனிந்து செய்யும் வேலை அவர்களுக்கு மிஞ்சியது. தேர்ந்தெடுக்கும் வேலை கைமாறியது.

ஆனாலும் எல்லாம் அழிந்துவிடவில்லை. கடலோர உப்பு மண்ணில் புதிய ரகங்கள் கருகியபோது குழியடிச்சான் நின்றது. தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் ஆளுயரத்துக்கு மேல் வளரும் காட்டுயானம் தலைதூக்கி நின்றது. பிள்ளை பெற்றவளுக்குப் பூங்கார்க் கஞ்சி வேண்டும் என்று சில வீடுகளில் அந்த விதையை மட்டும் விடாமல் வைத்திருந்தார்கள். தஞ்சை மாவட்டம் இளங்காட்டில் பிறந்த நம்மாழ்வார் ஊர் ஊராக இதைப் பேசினார். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தைச் சேர்ந்த ஜெயராமன், 170க்கும் மேற்பட்ட நெல் வகைகளைத் தேடிச் சேர்த்து, நெல் திருவிழாக்களில் 2 கிலோ விதை கொடுத்து மறு ஆண்டு 4 கிலோவாகத் திரும்ப வாங்கிப் பரப்பினார். ‘நெல்’ என்பதே அவர் பெயரின் முன்னொட்டானது. 2018 டிசம்பரில் அவர் இறந்தபோது டெல்டா முழுவதும் துக்கப்பட்டது. அவருக்கான மரியாதையில் எனக்கும் பங்குண்டு. அதே நேரத்தில், அவர் தேடிப்போய்ச் சேர்க்கும்வரை அந்த விதைகள் யார் யார் வீட்டில், யார் கையால் ஆண்டுதோறும் உயிரோடு இருந்தன என்று கேட்டால், நம்மிடம் பெயர்ப் பட்டியல் இல்லை. முக்கூடற்பள்ளில் நெல் வகைகளின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. பண்ணைக்காரனிடம் கணக்கு ஒப்பிப்பவன் பள்ளன். பள்ளியர் இருவரும் பாட்டில் நிறையப் பேசுகிறார்கள். ஆனால் விதைக்கணக்கை அவர்களிடம் யாரும் கேட்பதில்லை. என் மாணவியின் அட்டவணை அந்த மரபில்தான் இருந்தது.

*

அவளுடைய ‘நிலம் இல்லையே’ என்ற பதிலுக்குச் சட்டத்தில் விடை இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தாவர ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், 2001ஐ ஒரு வழக்கறிஞர் தோழிதான் படிக்கக் கொடுத்தார். அதன் இரண்டாவது பிரிவு, விவசாயி யார் என்று வரையறுக்கிறது. தானே நிலத்தில் பயிர் செய்பவர் விவசாயி. பிறரைக் கொண்டு நேரடியாக மேற்பார்வை பார்த்துப் பயிர் செய்பவரும் விவசாயி. மூன்றாவதாக, காட்டு வகைகளையோ பாரம்பரிய ரகங்களையோ தனியாகவோ பிறரோடு சேர்ந்தோ காப்பவரும், அவற்றின் பயனுள்ள பண்புகளை அடையாளம் கண்டு தேர்ந்தெடுத்து மதிப்புக் கூட்டுபவரும் விவசாயியே. பட்டா வேண்டும் என்று அந்த வரையறையில் எங்கும் இல்லை.

கதிரைப் பார்த்துக் கலப்பை நீக்கும் பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான வரையறை வேறென்ன இருக்க முடியும்? சட்டம் எழுதியவர்கள் அவளை மனத்தில் வைத்து எழுதினார்களோ இல்லையோ, அவள் அந்த வாக்கியத்துக்குள் இருக்கிறாள்.

2002இல் உயிரியல் பன்மைச் சட்டம் வந்தது. உள்ளாட்சிதோறும் மேலாண்மைக் குழு அமைத்து, உள்ளூர்த் தாவரங்கள், விலங்குகள், அவை பற்றிய அறிவு எல்லாவற்றையும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. 2004இல் வந்த விதிகள், நியமன உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும் என்றன. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 18 விழுக்காட்டுக்குக் குறையாமல் இடம் வேண்டும் என்றன. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையில் அமைந்த தேசிய விவசாயிகள் ஆணையத்தின் பணியைத் தொடர்ந்து வந்த 2007ஆம் ஆண்டு தேசியக் கொள்கை, விவசாயத் தொழிலாளர்களையும் ‘விவசாயி’ என்ற சொல்லுக்குள் கொண்டுவந்தது. புதிய விதைகளின் காலத்தைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவரான அவரே, பிற்காலத்தில் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது, பெண் விவசாயிகளின் உரிமைகளுக்கென்று ஒரு தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை.

ஆக, சொல் இருக்கிறது. சட்டம் இருக்கிறது. படிவத்தின் கடைசிப் பத்திதான் இன்னும் மாறவில்லை. ஒரு சட்டம் ஊர்வரை நடந்து வருவதற்குள் களைத்துப்போகிறது. அதை வழியில் சந்தித்து அழைத்துவர ஆள் வேண்டும். பல்லுயிரியத்தில் பெண்கள், அதிலும் நிலமில்லாத வீடுகளிலிருந்து வரும் பெண்கள், முனைவர் பட்டம் செய்ய வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். பட்டம் வாங்கியவள் பெயருக்கு முன்னால் ‘முனைவர்’ சேரும், அது நல்லதுதான். அதைவிட முக்கியம், எந்தப் பத்திக்கு என்ன தலைப்பு வைப்பது என்று முடிவு செய்யும் இடத்தில் அவள் உட்காருவாள்.

படிக்க வருகிறவர்கள் தங்களுக்கு உரியவற்றைத் தெரிந்துகொண்டு வர வேண்டும். நான் பகுதிநேரமாகப் பதிவு செய்து, நடுவில் ஒரு பிரசவம் பார்த்து, எட்டு ஆண்டுகள் ஆய்வு செய்தேன். குழந்தை பிறந்த ஐம்பதாம் நாள் அறிக்கையோடு போய் நின்றேன். “இதையெல்லாம் யோசித்துத்தான் சேர்ந்திருக்க வேண்டும்” என்று ஒரு குரல் சொன்னது. அது இன்னும் காதில் இருக்கிறது. 2016இல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த நெறிமுறைகள், முனைவர் பட்டம் செய்யும் பெண்களுக்குக் கூடுதலாக 2 ஆண்டுகள் தந்தன. பேறுகாலத்துக்கும் குழந்தை வளர்ப்புக்கும் 240 நாள்வரை விடுப்பும் தந்தன. 2022இல் வந்த புதிய நெறிமுறைகளிலும் இவை தொடர்கின்றன. பட்டியல் சாதி மாணவர்களுக்கான தேசிய ஆய்வு உதவித்தொகை 2005-06இல் தொடங்கியது. இவை யாருடைய கருணையும் அல்ல. கேட்டு வாங்க வேண்டியவை.

*

ஐப்பசியில் ஒருநாள், மாணவியோடு அவள் ஊருக்குப் போனேன். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கடல் காற்று தெரியும் தூரத்தில் இருக்கிறது அந்த ஊர். சம்பா நடவு முடியும் தறுவாயில் இருந்தது. அவள் அம்மா நாற்று முடியை அவிழ்த்துக்கொண்டே, நடுவில் இரண்டு மூன்று நாற்றுகளை உருவித் தூக்கி எறிந்தார். எனக்கு எல்லாம் ஒரே பச்சையாகத்தான் தெரிந்தன.

“எப்படிங்க கண்டுபிடிக்கிறீங்க?”

“அடித்தாள் செவப்பு ஓடுது பாருங்க டீச்சரம்மா. இது வேற நெல்லு. விட்டா கதிர்ல கலந்துடும்.”

மகள் என்னைப் பார்த்தாள். அடித்தாளின் நிறம், நெல் ரகங்களைப் பிரித்தறிய அறிவியல் கைக்கொள்ளும் பண்புகளில் ஒன்று. அவள் அட்டவணையில் அதற்கு ஒரு தனிப் பத்தி உண்டு.

ஆய்வுக் குழுவின் முன் அவள் புதிய அட்டவணையை வைத்தபோது, நிலமில்லாத பெண்களை எப்படி விவசாயி என்று எழுதலாம் என்ற கேள்வி எழுந்தது. அவள் சட்டத்தின் பிரிவைப் படித்துக் காட்டினாள். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, பழைய பத்தியை எடுக்க வேண்டாம், பக்கத்தில் இன்னொன்றைச் சேர்த்துக்கொள் என்றார்கள். முழு வெற்றியில்லை. ஆனால் இப்போது அவள் அட்டவணையில் இரண்டு பத்திகள் இருக்கின்றன. ஒன்று ‘பட்டாதாரர்’. மற்றொன்று ‘விதையை அறிந்து சொன்னவர்’.

இரண்டாவது பத்தியை நிரப்பும்போது எதிர்பாராத ஒரு சிக்கல் வந்தது. அவள் அம்மாவுக்கு ரேஷன் அட்டையில் ஒரு பெயர். நூறு நாள் வேலை அட்டையில் அதையே வேறு மாதிரி எழுதியிருந்தார்கள். ஊரில் கூப்பிடுவது மூத்த மகனின் பெயரைச் சொல்லி, ‘அவனோட அம்மா’ என்று. எதை எழுதுவது என்று மகள் கேட்டாள்.

“எம் பேரு எதுக்கு அதுல? உன் படிப்புக்கு ஏதாச்சும் கெடுதல் வந்துடப் போவுது” என்றார் அம்மா. அது சும்மா சொன்ன பேச்சில்லை. தன் பெயர் ஓர் அரசாங்கத் தாளில் ஏறினால் தொந்தரவுதான் வரும் என்பது அவர் வாழ்க்கையில் கண்டது. மகள் விளக்கினாள். இது வழக்குமில்லை, கடனுமில்லை, நீ சொன்னதை நீ சொன்னதாக எழுதுவது, விருப்பமில்லை என்றால் எழுத மாட்டேன் என்றாள். அவர் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. கையில் ஒட்டியிருந்த சேற்றை வாய்க்காலில் கழுவிக்கொண்டார். வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார். பிறகு நான்காவதாக ஒரு பெயரைச் சொன்னார். அவருடைய அம்மா அவரைக் கூப்பிட்ட பெயர். மகளுக்கே அது அன்றுதான் தெரியும்.

“எழுதுறதுன்னா அத எழுது” என்றார்.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அது முதலில் வரவேண்டிய இடம் அவர் மகளின் ஆய்வேடு. நான் செய்ய வேண்டியது வேறொன்று இருக்கிறது. என் ஆய்வேட்டை நூலாக்கித் தரச் சொல்லி ஒரு பதிப்பகம் சில ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. கருவிளைக்கான அடிக்குறிப்பை இப்போது திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். அம்மாயியின் பெயர் எனக்குத் தெரியும். கொல்லைப்புறத்தில் நெல்லை இறக்கிவைத்துப் போன பெண்களின் பெயர்களைக் கேட்க, அடுத்த வாரம் அந்தத் தெருவுக்குப் போகிறேன்.